மாட்டுங்காவா, செம்பூரா?

அன்புள்ள ரமணி,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே மும்பையில் தலைக்கு மேல் வேலை. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணமாம், பதினொரு மாத அக்ரிமென்ட் முடிந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார். மழை பிடிப்பதற்குள் மாறியாக வேண்டும்.

தேறியது இரண்டே வீடு. ஒன்று மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால், மூன்றாவது மாடி, ஒரே பெட்ரூம். இன்னொன்று செம்பூர் சேடா நகரில், முருகன் கோயிலுக்கு நடக்கிற தூரம், இரண்டு பெட்ரூம், லிஃப்ட். வாடகை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மாட்டுங்காவைப் பற்றி உனக்கு நான் என்ன சொல்ல? ஆஸ்திக சமாஜம் கோயில் பக்கம் பூக்காரியிடம் இன்னும் தமிழிலேயே பேரம் பேசலாம். கௌசியின் தாதர் ஆபீஸ் அடுத்த ஸ்டேஷன். செம்பூர் என்றால் ஹார்பர் லைனில் வந்து, குர்லா பாலத்தில் இடிபட்டு, வண்டி மாற வேண்டும். பழைய சொசைட்டிகளை வேறு இடித்து இடித்துக் கட்டுகிறார்கள், ஒரே தூசி. காற்று திரும்பினால் மாகுல் ரிஃபைனரி வாடை.

மாட்டுங்கா காந்தி மார்க்கெட் மட்டும் என்ன வாழ்ந்தது, ஒரு மணி நேரம் கொட்டினால் முழங்கால் தண்ணீர் என்கிறாயா? தெரியும். 2005 ஜூலை 26 வெள்ளத்தில் நீ செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாயே, கௌசி இன்னும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறாள்.

என் கவலை மாட்டுங்கா வீட்டுப் படிதான். மரப்படி, ரமணி. நடுவில் தேய்ந்து பள்ளமாகிவிட்டது, கைப்பிடி ஆடுகிறது. அம்மா ஒருதரம் ஏறினால் அப்புறம் தீபாவளிக்குத்தான் இறங்குவாள். ஆனாலும் அவளுக்காகத்தான் மாட்டுங்கா என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று அவளே வெடித்தாள்: "உனக்குப் பழைய கிளப்பும் தயிர்வடையும் வேணும், நடுவுல என்னை ஏண்டா இழுக்கறே? எனக்கு லிஃப்ட் வேணும்."

அப்பாவை நாற்காலியோடு கீழே இறக்கினோமே, ஒரு பக்கம் நீ பிடித்தாய். திருப்பத்தில் நாற்காலி திரும்பவில்லை, அம்மா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் நான் வாயே திறக்கவில்லை.

சரி, சனிக்கிழமை செம்பூரில் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கிறேன். உன் அண்ணா அங்கேதானே இருக்கிறார்? சேடா நகரில் தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது என்று கேட்டு வெள்ளிக்கிழமைக்குள் போன் பண்ணு. புரோக்கர் சொல்வதை நான் நம்பவில்லை.

அன்புடன்,
சேகர்