எதிரியின் அழுகைக்கு ஒரு மேடை

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் நாடகக் குழு இந்த ஆண்டு பண்டைய கிரேக்க நாடக ஆசிரியர் ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகத்தை எடுத்திருப்பதாகவும், அதில் தூதுவன் வேடம் உனக்குக் கிடைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். பாரசீகரைப் போரில் வென்ற ஏதென்ஸ், தோற்ற அவர்களின் அழுகையை மேடையேற்றியது வெறும் வெற்றிக் களிப்புதானே என்றும் கேட்டிருந்தாய். இதற்குத் தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துன்பியல் நாடகம் என்ற வடிவம் எப்படி வளர்ந்தது என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது விளங்கும்.

அந்த வடிவம் கி.மு. ஆறாம் நூற்றாண்டில், ஏதென்ஸ் நகரில், மதுவின் கடவுளான டயோனிசஸுக்கு இளவேனிலில் எடுத்த விழாவில் உருப்பெற்றது. அக்கடவுளைப் போற்றிக் குழுவாக ஆடிப் பாடிய டிதிராம்ப் பாடல்களை முன்நின்று நடத்தியவர்களிடமிருந்தே இந்நாடகம் தோன்றியது என்கிறார் அரிஸ்டாட்டில். பாடற்குழுவிலிருந்து விலகி நின்று, வேறொருவராகப் பேசிய முதல் நடிகர் தெஸ்பிஸ் என்பது மரபு, கி.மு. 534ஐ ஒட்டி அது நிகழ்ந்ததாகச் சொல்வார்கள். ஒரே நடிகர் இருந்தவரை அவர் நடந்ததைச் சொல்லலாம், குழு அதைக் கேட்டுப் புலம்பலாம். ஆனால் குழுவுக்கு வெளியே இரண்டு மனிதர்கள் எதிரெதிரே நின்று பேசிக்கொள்ள வழியில்லை.

அந்தத் தொடக்க காலத்து நாடகங்கள் ஏறக்குறைய எல்லாமே அழிந்துவிட்டன. ஆனால் அவற்றுள் ஒன்றுக்கு நேர்ந்த கதியை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பதிந்து வைத்திருக்கிறார். ஏதென்ஸ் மக்கள் தங்கள் உறவாகக் கருதிய மிலேட்டஸ் நகரத்தைக் கி.மு. 494இல் பாரசீகப் படை பிடித்து அழித்தது. ஃபிரைனிக்கஸ் என்ற கவிஞர் அந்த அழிவையே நாடகமாக்கியபோது அரங்கம் முழுவதும் கதறி அழுதது. தங்கள் சொந்தத் துயரத்தை நினைவூட்டிவிட்டார் என்று அவருக்கு 1000 திராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தை இனி யாரும் நடிக்கக் கூடாது என்றும் ஏதென்ஸ் ஆணையிட்டது. தன் காயத்தைத் தானே பார்க்கும் வலிமை அந்த ஊருக்கு அன்று இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை; இழவு வீட்டில் எந்தக் கதையை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இனி உன் நாடகத்துக்கு வருகிறேன். கி.மு. 480இல் பாரசீகர்கள் ஏதென்ஸுக்குள் புகுந்து அக்ரோபொலிஸ் குன்றின் மேலிருந்த கோயில்களை எரித்தார்கள். அதே ஆண்டில் சலாமிஸ் கடலில் அவர்களுடைய கப்பற்படை நொறுங்கியது. கி.மு. 472இல் 'பாரசீகர்கள்' மேடையேறியபோது, மக்கள் அந்தக் குன்றின் தெற்குச் சரிவில், எரிந்த கோயில்களுக்குக் கீழேதான் கூடியிருந்தார்கள். நாடகம் எழுதியவர், பாரசீகர் முன்பு படையெடுத்து வந்தபோது நடந்த மாரத்தான் போரில் தாமே வாளெடுத்து நின்று, அங்கே தம் உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தவர். அப்படிப்பட்டவர் தம் மேடையைப் பாரசீகத் தலைநகரான சூசாவில் அமைத்து, ஒரு கிரேக்கனைக் கூட அதில் ஏற்றவில்லை.

இரண்டாம் நடிகரைக் கொண்டுவந்தவரும் ஈஸ்கிலஸ்தான். அதன் பயனை நீ நடிக்கும் காட்சியிலேயே பார்க்கலாம். படை அழிந்தது என்று தூதுவன் சொன்னதும் குழு புலம்புகிறது. அரசன் செர்க்சஸின் தாயோ நெடுநேரம் வாய் திறப்பதில்லை. பிறகு அவள் கேட்கும் முதல் கேள்வி, யார் சாகவில்லை என்பது. தலைவர்களுள் யாருக்காக அழ வேண்டும் என்பது அதற்குப் பின்னால்தான் வருகிறது. மகன் பெயரை அவள் எடுக்கவில்லை. தூதுவன் குறிப்பறிந்து, செர்க்சஸ் உயிரோடிருக்கிறார் என்கிறான். பிள்ளையைத் தொலைவில் வைத்திருக்கும் எவருக்கும் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். எதிரி அரசனின் தாய்க்கு இந்தத் தயக்கத்தைக் கொடுத்தவர் வெறும் வெற்றிக் களிப்பில் எழுதினார் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

களிப்பும் அதில் உண்டு, மறுக்கவில்லை. தாய்நாட்டை மீட்கக் கிரேக்கர்கள் எழுப்பிய போர் முழக்கத்தைத் தூதுவன் எடுத்துரைக்கும்போது, சலாமிஸில் துடுப்பு வலித்துவிட்டு இப்போது அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கும். ஆனால் அதே தூதுவன், நீரில் தத்தளித்தவர்களை உடைந்த துடுப்புகளாலும் மரத்துண்டுகளாலும் சூரை மீன்களை அடிப்பதுபோல அடித்துக் கொன்றதையும் சொல்கிறான். இறந்த பாரசீகத் தலைவர்களைப் பெயர் பெயராகச் சொல்கிறான். அடித்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். அந்த ஆண்டின் முதல் பரிசையும் ஈஸ்கிலஸுக்கே கொடுத்தார்கள். ஒத்திகையில் நேரம் போதவில்லை என்று அந்தப் பெயர் வரிசையை வெட்டச் சொன்னால் நீ இணங்கக் கூடாது என்பது என் விருப்பம்.

ஈஸ்கிலஸுக்கு அடுத்து வந்த நாடக ஆசிரியர் சோஃபோக்கிளீஸ்தான் மூன்றாம் நடிகரைச் சேர்த்தவர். ஈடிபஸ், அன்டிகனி கதைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இக்கடிதம் போதாது. அவர் காலத்து இன்னொரு நாடக ஆசிரியரான யூரிப்பிடீஸ் செய்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன், ஏனெனில் உன் கேள்விக்கு முழு விடை அவரிடம்தான் இருக்கிறது.

கி.மு. 416இல் மீலோஸ் என்ற சிறு தீவை முற்றுகையிட்ட ஏதென்ஸ், அது பணிந்த பின்பு ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கியது. அடுத்த இளவேனிலில் யூரிப்பிடீஸ், பழங்கதையில் கிரேக்கர்கள் அழித்த டிராய் நகரைப் பற்றிய 'டிராய் நகரப் பெண்கள்' நாடகத்தை அதே சரிவில் மேடையேற்றினார். மீலோஸின் பெயர் அதில் எங்கும் இல்லை. வென்ற கிரேக்கர்கள், மாண்ட டிராய் வீரன் ஹெக்டரின் சிறு மகனைக் கோட்டை மதிலிலிருந்து எறிந்து கொல்ல முடிவெடுக்கிறார்கள். அதைத் தாயிடம் சொல்ல வருபவன் தல்திபியஸ் என்ற கிரேக்கத் தூதுவன். இம்முறை தூதுவன் தன் தரப்புச் செயலையே சொல்ல வேண்டியிருக்கிறது. அவனுக்கு நாக்கு எழவில்லை. பின்னர் குழந்தையின் உடலை ஆற்றில் தானே கழுவிக் கொண்டுவந்து, தந்தையின் கேடயத்தின் மேல் கிடத்திப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, குழி தோண்டப் போகிறான். அந்நாடகத்துக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. ஆனாலும் சொந்தத் துயரத்தைப் பார்க்க மறுத்த ஊர், எண்பது ஆண்டுகளுக்குள் தான் பிறருக்கு இழைப்பதையும் உட்கார்ந்து பார்க்கும் அளவுக்கு அந்த மேடையை வளரவிட்டிருந்தது. ஒத்திகை தொடங்கும் முன் தல்திபியஸ் வரும் காட்சிகளைப் படித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா