துண்டு விரித்துப் போட்ட ஆயாம்மாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். ஆபரேஷனில் கிட்னிக் குழாய்க்குள் வைத்திருந்த டியூபை எடுத்தாயிற்று. இடது கிட்னியில் இருந்த வீக்கமும் வற்றிவிட்டதாம். நேற்று ராத்திரி துணி மாற்ற எழுந்திருக்காமல் விடிய விடியத் தூங்கினேன்.

"இதையெல்லாமா ஊருக்குச் சொல்லுவ?" என்று அம்மா முறைக்கிறார். சொல்லாமல் எப்படி நன்றி சொல்வது? கர்ப்பப்பை எடுத்த பிறகு எனக்கு ஒழுகியது சிறுநீர். முதலில் காட்டிய இடத்தில் வெள்ளைப்படுதல் என்றார்கள், தையல் ஆறினால் நின்றுவிடும் என்று மாத்திரை கொடுத்தார்கள். அந்தக் கதை உங்களுக்குத் தெரியும், விடுங்கள்.

மதுரையில் டாக்டரைப் பார்க்கிற வரிசையில் நாற்காலி காலியாக இருந்தும் நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் ஈரத்தடம் விழும். வாளியும் மாப்புமாக வந்த ஆயாம்மா ஒருவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து நாற்காலியில் போட்டு, "உக்காரு தாயி, துவைச்சுக்கலாம்" என்றார். மூக்கைச் சுளிக்கவில்லை. அப்புறம் காதோரம் குனிந்து, "ஒழுகுறது இருக்கட்டும். முட்டிக்கிட்டு வந்து தனியாவும் போகுதா?" என்று கேட்டார். போகுது என்றேன். "அப்ப அதையும் சேத்துச் சொல்லு. ஒழுகுதுன்னு மட்டும் சொல்லிட்டு வந்துராத."

அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. நான் சொன்னதும் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். சிறுநீர்ப்பையில் பெரிய ஓட்டை என்றால் பை நிரம்பவே நிரம்பாதாம். கிட்னியிலிருந்து இறங்குகிற குழாயில் ஓட்டை என்றால், மற்ற கிட்னியின் சிறுநீர் வழக்கம்போலப் போகும், இதுவும் ஒழுகுமாம். பிறப்புறுப்புக்குள் வரிசையாக மூன்று பஞ்சு வைத்து, பையில் நீலச் சாயம் ஏற்றி, கொஞ்சம் நடக்கவிட்டார்கள். எடுத்துத் தட்டில் வைத்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். மேல்பஞ்சு சொதசொதவென்று நனைந்திருந்தது, நீலம் ஒரு பொட்டுகூட இல்லை. அப்படியானால் பையில் பழுதில்லை, குழாயில்தான். சி.டி. ஸ்கேனும் அதையே காட்டியது. கர்ப்பப்பை வாயிலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தள்ளித்தான் அந்தக் குழாய் ஓடுகிறதாம், கர்ப்பப்பை எடுக்கையில் அதில் அடிபடுவது அதனால்தானாம். வைத்தியத்தை இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் வலியே காட்டாமல் கிட்னி கெட்டிருக்கும் என்றார்கள்.

ஆயாம்மா பெரிய படிப்புப் படித்தவர் இல்லை, வார்டில் வருஷக்கணக்காகத் துணி அலசியவர். ஒப்பந்த ஆள் என்பதால் எங்கே மாற்றினார்களோ, வீட்டுக்குக் கிளம்புகிற அன்று தேடியும் கிடைக்கவில்லை. மதுரையில் இருக்கிறவர்கள் யாராவது பார்த்தால் படித்துக் காட்டுங்கள்.

டாக்டரம்மா, குழாயைப் பையோடு புதிதாகப் பொருத்திய யூராலஜி டாக்டர்கள், சிஸ்டர்கள், காப்பீட்டு அட்டைக்கு அலைந்த தம்பி, ரத்தம் கொடுத்த பாம்பன் பையன்கள், பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்ட மதினி, போட் கரையில் கிடந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் கையிலிருந்ததைக் கொடுத்த மண்டபத்துச் சனங்கள், கடல்பாசி எடுக்கிற அக்காமார் எல்லாருக்கும் கும்பிடு.

இனி நம்ம பக்கத்தில் ஆபரேஷன் முடிந்து வந்து யாராவது உட்காராமல் நின்றால், அந்தக் கேள்வியை நான் கேட்பேன். ஆஸ்பத்திரிக்குக் கூடவும் வருவேன், கூச்சப்படாமல் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள்.

சங்கத்தில் வாங்கிய கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுகிறேன். இப்போதைக்குத் தண்ணீரில் இறங்கவோ கனம் தூக்கவோ கூடாதாம். கரையில் பாசி காயப்போடுகிற வேலை இருந்தால் சொல்லுங்கள், வருகிறேன்.