கவரில் எவ்வளவு என்று முன்பே சொல்லுங்கள்: சபாக் காரியதரிசிகளுக்கு ஒரு திறந்த மடல்

கர்நாடக இசைக் கச்சேரிகள் நடத்தும் சென்னை சபாக்களின் காரியதரிசிகளுக்கு, வணக்கம்.

டிசம்பர் சீசனுக்கு நீங்கள் நிகழ்ச்சி நிரல் போடும் நேரம் இது. யார் பாடுகிறார், எந்த நாள், எந்த வேளை என்பதெல்லாம் ஏறக்குறைய முடிந்திருக்கும். பாடகருக்குத் துணையாக வயலின், மிருதங்கம் முதலியவை வாசிக்கும் பக்கவாத்தியம் யார் என்பது பல மதியக் கச்சேரிகளுக்கு இன்னும் முடிவாகியிருக்காது. அந்தப் பக்கவாத்தியக்காரர்களுக்காகத்தான், அவர்கள் யாரும் கேட்டுக்கொள்ளாமலே, டிக்கெட் வாங்கிக் கேட்கும் ஒரு ரசிகனாக இதை எழுதுகிறேன். அவர்களே எழுதினால் அடுத்த வருடம் நீங்கள் கூப்பிட மாட்டீர்கள்.

மதியக் கச்சேரிக்கு ஒரு மிருதங்கக்காரர் எப்படி வந்து சேர்கிறார் என்று கொஞ்சம் பாருங்கள். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்: ஆண் குரல் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண் குரல் ஐந்து, ஐந்தரை. இரண்டுக்கும் ஒரே வாத்தியம் ஒத்துவராது என்பதால் வீட்டில் குறைந்தது இரண்டு மிருதங்கமாவது வைத்திருக்க வேண்டும். தோல் தளர்ந்தால் மூட்டு எனப்படும் தோல் பகுதியையே மாற்ற வேண்டும், கரணை என்னும் கருப்பு வட்டம் பெயர்ந்தால் மறுபடி போட வேண்டும். எல்லாம் கைக்காசு. கூட்டமான பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது, ஆட்டோதான். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, இடந்தலை என்னும் இடப்பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து அப்பி, விளிம்பைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்த்து நிமிர்வதற்குள் உங்கள் ஆள் வந்து கடிகாரத்தைக் காட்டுகிறார். கச்சேரி முடிந்ததும் ஒரு கவர் வரும். பல நேரங்களில் அது ஆட்டோவுக்கே காணாது. சில இடங்களில் கவரே கிடையாது. மேடை கிடைத்ததே சன்மானம்.

பாடுபவர்களே சபாவுக்கு நன்கொடை கொடுத்து மேடை வாங்குவதைப் பற்றிப் பத்திரிகைகளிலேயே பல முறை எழுதியாகிவிட்டது. எல்லா சபாவும் அப்படி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதில் ஒரு விநோதம் உண்டு. வெளிநாட்டிலிருந்து சீசனுக்கு வந்து பாடும் பிள்ளைகளின் கச்சேரியில்தான் பக்கவாத்தியத்துக்கு ஓரளவு காசு கிடைக்கிறது, அதைக் கொடுப்பது பெற்றோர் என்பதால். ஆகவே நல்ல கை உள்ள ஒரு வயலின்காரர் டிசம்பர் முழுவதும், சுருதியில் நிற்காத குரலைத் தாங்கிப் பிடிப்பதிலேயே கழிக்கிறார். அவருக்கு இணையான உள்ளூர்ப் பாடகருக்கு வாசிக்க அவருக்குக் கட்டுப்படியாவதில்லை.

தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து கேண்டீனுக்குப் போகும் ரசிகர்களை நாம் எல்லோரும் திட்டுகிறோம். நானும் திட்டியிருக்கிறேன், இனியும் திட்டுவேன். ஆனால் அந்தப் பழக்கத்தை வளர்த்ததில் உங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரிக்கு ஒரு வடிவம் கொடுத்தபோது தனிக்கும் அதில் உரிய இடம் இருந்தது. இன்று ஒரே அரங்கில் அடுத்தடுத்து மூன்று, நான்கு கச்சேரி. நேரம் நெருங்கினால் வெட்டுப்படுவது பாடகரின் ராக ஆலாபனை இல்லை, தனிதான். விளம்பரத்தில் பாடகரின் படம் பாதிப் பக்கம்; கடம், கஞ்சிரா, முகர்சிங் வாசிப்பவரின் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். நீங்கள் பொருட்படுத்தாத ஒன்றை ரசிகர் மட்டும் ஏன் பொருட்படுத்தப் போகிறார்?

பக்கவாத்தியத்தைப் பின்னால் தள்ளும் இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியில் மிருதங்கக் கலைஞர் ஒருவர் முதன்முதலாக அதன் உயரிய விருதான சங்கீத கலாநிதியைப் பெற்றது 1966இல்தான், பாலக்காடு மணி ஐயர். அவருக்குச் சமமாக வைத்துப் பேசப்பட்ட பழனி சுப்பிரமணிய பிள்ளை அதற்குள், 1962இலேயே, காலமாகிவிட்டார். 2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா டிசம்பர் சீசனில் பாடுவதில்லை என்று அறிவித்தபோது ஊரே விவாதித்தது. விவாதிக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு முன்னணிப் பாடகர் விலகினால் அது செய்தி. ஒரு கடக்காரர் விலகினால் அன்று மாலைக்குள் வேறு கடக்காரரைப் பிடித்துவிடுவீர்கள், அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. பாட்டுக்கு இவ்வளவு, வயலினுக்கு இவ்வளவு, மிருதங்கத்துக்கு இவ்வளவு, கடம், கஞ்சிரா போன்ற உபபக்கவாத்தியத்துக்கு இவ்வளவு என்று தேதி கேட்கும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மதியக் கச்சேரிக்கும் சேர்த்து. இரண்டு கச்சேரிகளுக்கு நடுவே அரை மணி விடுங்கள், தனியை யாரும் அவசர அவசரமாக முடிக்க வேண்டியிருக்காது. பெயர்களை எல்லோரும் படிக்கும் அளவில் அச்சிடுங்கள். அதற்குச் செலவே இல்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். அரங்க வாடகை, மின்சாரம், மைக் செட், பந்தல் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மைக் செட்காரரிடம் தொகை பேசாமல் சாமான் இறக்கச் சொல்ல உங்களால் முடியுமா? அவருக்குக் கொடுக்கும் அந்த மரியாதையை, அவருடைய மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து வாசிப்பவருக்கும் இந்த சீசனில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்