மைக்ல சிரிச்ச தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

நம்ம ஊரு இளைஞர் மன்றத்து தம்பிமாருக்கு, பாம்பன் பக்கம் கடலுக்குப் போற ஒருத்தரோட மக எழுதுறது.

திருவிழாவுல ஐக்யூ போட்டின்னு, அதான் புத்திய அளக்குற டெஸ்டு, ஒண்ணு வச்சு பெருசுங்களையும் புள்ளைங்களையும் ஒரே பேப்பர எழுத வச்சீங்க, சரி வெளையாட்டுதானேன்னு விட்டிருப்பேன், ஆனா மார்க்கு வந்ததும் மைக்ல "பழைய மாடல் மூளை, அப்டேட் ஆகல"ன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர். எங்கப்பா சிரிச்சுக்கிட்டுதான் வீட்டுக்கு வந்தாரு. ராத்திரி சாப்பிடல.

சீலா, சுறா, ஆமை, இதுல எது சேராதுன்னு ஒரு கேள்வி. உங்க விடை ஆமை, அது மீன் இல்லயாம். அப்பா சீலான்னு எழுதிருக்காரு. ஏன்ப்பான்னா "அது காசு, மத்த ரெண்டும் வலையக் கிழிக்கும், ஆமைன்னா கேஸு வேற"ங்குறாரு.

1930கள்ல சோவியத்துல லூரியான்னு ஒரு உளவியல்காரரு, உஸ்பெகிஸ்தான்ல பள்ளிக்கூடம் போகாத விவசாயிங்ககிட்ட சுத்தியல், ரம்பம், கோடாலி, மரக்கட்டை, இதுல எது சேராதுன்னு கேட்டிருக்காரு. கட்டை இல்லாம ரம்பத்த வச்சு என்னத்த அறுக்குறது, நாலும் வேணும்னுட்டாங்க. எங்கப்பா சொன்ன மாதிரியேதான். ஆயுதம் ஒரு இனம், கட்டை வேற இனம்னு பிரிக்கிறதெல்லாம் பள்ளிக்கூடம் பழக்கி விடுறது.

நியூசிலாந்துல இருந்த ஜேம்ஸ் ஃபிளின் 1984ல ஒரு கணக்கு போட்டாரு. 1932லருந்து 1978க்குள்ள அமெரிக்காவுல சராசரி ஐக்யூ கிட்டத்தட்ட 14 பாயின்ட் ஏறிருக்கு. அதே வேகத்துல பின்னாடி போய்ப் பாத்தா 1900 வாக்குல இருந்தவங்க சராசரி இன்னைய அளவுக்கு 70 பக்கம் வரும். இன்னைக்கு சராசரி 100, 70க்குக் கீழன்னா மூளை வளர்ச்சி குறைவும்பாங்க, அப்படின்னா அன்னைக்குப் பாதி ஊரு மூளை வளர்ச்சி இல்லாதவங்கன்னு ஆயிரும். ஏரோப்ளேன் பறக்க விட்டதே அந்த ஆளுங்கதான்யா! ஏறுனது பொறவி மூளை இல்ல, இப்படி இனம் பிரிச்சு, கண்ணுல படாதத வச்சு யோசிக்கப் பழகுன பழக்கம்னுதான் ஃபிளினே சொன்னாரு. சாப்பாடு, படிப்புன்னு வேற காரணமும் சொல்றாங்க.

ரொம்ப ஆடாதீங்க, நார்வேல பட்டாளத்துக்கு ஆளெடுக்கையில வைக்கிற டெஸ்ட்ல 1975க்கு அப்புறம் பொறந்தவங்களுக்கு மார்க்கு இறங்கிருக்கு, ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குள்ளயே.

கச்சான் காத்து அடிக்கையில நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எப்படி ஓடும்னு அப்பாகிட்ட கேட்டா உங்கள்ல எத்தன பேரு தேறுவீங்களோ, அதையும் ஐக்யூன்னு நான் சொல்ல வரல, அது தொழில். மைக்ல சொன்னத அதே மைக்ல வாபஸ் வாங்குங்க. அப்புறம் அப்பாவுக்கு இருபதுக்கு நாலு போட்டிருக்கீங்க, அந்த சீலா கேள்விக்கு மார்க்கு சேத்து அஞ்சாக்கிக் குடுங்க.