கேமராவுக்கும் தப்பிய பாலிப்

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா! இனி உனக்குத்தான் ஓட்டம். கொலோனோஸ்கோபிக்கு, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனைக்கு, நாள் குறித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அப்படியானால் என் கதையைக் கேட்டுவிட்டுப் போ.

மூன்று வருடத்துக்கு முன் எனக்குச் செய்தபோது ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். போன மாதம் மறுபடி பார்த்ததில் வலப்பக்கப் பெருங்குடலில் ஒரு பாலிப், அதாவது உள்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி. எடுத்தாகிவிட்டது, புற்றுநோய் இல்லை, பயப்படாதே. ஆனால் முதல் தடவையே அது இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். எனக்கு வந்ததே கோபம்! கேமராவையே உள்ளே விட்டுப் பார்த்தார்களே, அப்புறம் எப்படித் தப்பும்?

பாலிப் என்றால் காளான் மாதிரி காம்போடு நிற்கும் என்று நினைத்திருந்தேன். என்னுடையது தட்டை. சுற்றியிருக்கும் சவ்வின் நிறம்தான் அதற்கும். போதாததற்கு மேலே சளிப்படலம் வேறு. வலப்பக்கத்தில் வரும் இந்த வகைதான் அதிகம் ஏமாற்றுமாம். குடலும் ரப்பர் குழாய் போல வழவழவென்று இருப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு மடிப்பும் வளைவும்தான். மடிப்புக்குப் பின்னால் ஒளிந்திருப்பது நேராகப் பார்க்கும் கேமராவில் விழாது. ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை செய்து பார்த்த ஆய்வுகளில், முதல் முறை சுமார் நாலில் ஒரு பாலிப் கண்ணில் படாமல் விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் பொடிசுகள் என்பது ஒரு ஆறுதல்.

உள்ளே போகும்போதைவிட, கருவியை வெளியே இழுத்துக்கொண்டு வரும்போதுதான் உன்னிப்பாகப் பார்ப்பார்களாம். அதற்கு 6 முதல் 8 நிமிடமாவது வேண்டும். நிதானமாக இழுத்த டாக்டர்கள் அதிகம் கண்டுபிடித்ததாக 2006-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. சரி, பழியைப் போட ஆள் கிடைத்தாயிற்று என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில் அவர் கேட்டார்: "போன தடவை பேதி மருந்தை முழுசாகக் குடித்தீர்களா?"

திருதிருவென்று விழித்தேன். விடிகாலையில் குடிக்க வேண்டிய இரண்டாம் பாகத்தில் பாதியை வாஷ்பேசினில் கொட்டியது என் மனைவிக்குக்கூடத் தெரியாது. வலப்பக்கத்தைச் சுத்தமாக்குவதே அந்த இரண்டாம் பாகம்தானாம். இரவெல்லாம் சிறுகுடலிலிருந்து இறங்குவது முதலில் அங்கேதான் வந்து சேருகிறது.

ஆகவே மூக்கைப் பிடித்துக்கொண்டாவது குடித்துவிடு. குளிரவைத்தால் கொஞ்சம் இறங்கும். முடிந்ததும், குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது, கருவி கடைசிவரை போனதா என்று கேட்டு எனக்கு எழுது. வாஷ்பேசின் விஷயத்தை மட்டும் என் வீட்டில் உளறிவிடாதே.

உன்,
ராமு