அஸ்தம்பட்டி வீடியோ கடை அண்ணாவுக்கு

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் தெருமுனை வீடியோ கடையை மூடிய அன்று, அக்காவின் கல்யாண கேசட்டோடு போய் நின்றேன். அப்பாவின் குரல் இருப்பது அந்த ஒன்றில்தான். ஏற்காட்டுப் பெரியம்மா வீட்டுப் பரணில், அந்த ஈரத்தில் கிடந்து டேப் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. இரண்டு இடங்களில் ஏற்கெனவே கைவிரித்துவிட்டார்கள்.

கடையில் ரேக்குகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணா, நீங்கள்தான் கேசட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். நான் எதுவும் கேட்கவே இல்லை. கட்டி வைத்த டெக்கை மறுபடி பிரித்தீர்கள். (கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016-லேயே அதை நிறுத்திவிட்டது, ஓடுகிற டெக் கிடைப்பதே பெரிய விஷயம்.) கேசட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டித் துடைத்து, வேறு கூட்டுக்கு மாற்றி, பென் டிரைவில் ஏற்றித் தந்தீர்கள். நாலு மணி நேரம்! மறுநாளிலிருந்து உங்களுக்கே வேலை இல்லை. காசு நீட்டினேன், "டீ சொல்லு தம்பி, போதும்" என்றீர்கள்.

பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பந்தியில் அப்பா, "சாப்பிட்டுத்தான் போகணும்" என்று எல்லோரையும் உட்கார வைக்கிறார். அம்மா அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார். இதைப் பார்த்தால் ஒருநாள் வீட்டுக்கு வாங்கண்ணா.