களத்தில் காத்துக் கிடக்கும் ராகி

ஆசிரியருக்கு வணக்கம்.

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் மானாவாரி நிலம்தான் அதிகம். ஆடியிலும் ஆவணியிலும் விதைத்த ராகி கதிர் முற்றும் நேரம் பார்த்து, கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இறங்கிவிடுகின்றன. பரண் மேல் உட்கார்ந்து, தகரம் தட்டி, விடிய விடிய முழித்திருக்கிறோம். மார்கழிப் பனி இங்கே லேசுப்பட்டதல்ல. தளியை ‘குட்டி இங்கிலாந்து’ என்று சும்மாவா சொன்னார்கள்!

அறுத்துப் போர் போட்டாலும் நிம்மதியில்லை. போரைப் பிரித்துத் தின்னவும் யானைக்குத் தெரியும். அதனால் அடித்த கையோடு விற்றாக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அரசே ராகியை நேரடியாகக் கொள்முதல் செய்வது நல்ல காரியம்தான். ஆனால் மலையிலிருந்து மூட்டையை இறக்கும் வண்டி வாடகையிலேயே பாதி லாபம் போய்விடுகிறது. போன முறை, ஈரப்பதம் கூடுதல் என்று என் மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு பக்க வாடகையும் என் தலையில்.

அறுவடை மாதங்களிலாவது நடமாடும் கொள்முதல் வண்டியை மலைக் கிராமங்களுக்கு அனுப்பக் கூடாதா? ஈரப்பதம் பார்க்கும் கருவியும் அதிலேயே வரட்டும். களத்திலேயே காயவைத்துக் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு ராகி விவசாயி,
அஞ்செட்டி, கிருஷ்ணகிரி மாவட்டம்.